அப்பா முகர்ந்த மண்

அப்பாவின் பெயர் சொக்கன். யாங்கோனில் ஒரு பெரிய ஹோட்டலின் ஒயின் ஸ்டோரை இருபத்தாறு வருஷம் பார்த்துக்கொண்டார். ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. வருஷா வருஷம் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர். மது உதட்டில் படாது என்று கல்யாணத்துக்கு முன்பே நேர்ந்துகொண்டார். புட்டியைத் திறப்பார், கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றுவார், மூக்கை வைப்பார். கார்க் கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். அதைக் கண்டுபிடிக்க நாக்கு வேண்டியதில்லை என்பார்.

ஹோட்டலில் அவர் முதலில் செய்தது பெட்டி இறக்குகிற வேலை. பெட்டிகளின் மேல் பிரான்ஸ் நாட்டு ஊர்ப் பெயர்கள் இருந்தன. ஒரே திராட்சை, ஒரே வருஷம், பக்கத்துப் பக்கத்து ஊர். ஒன்றுக்கு இருந்த மரியாதை இன்னொன்றுக்கு இல்லை. ஏன் என்று கேட்டார். ஸ்டோரில் யாருக்கும் தெரியவில்லை. சரக்கு அனுப்பியவர்கள் விட்டுப்போன வரைபடங்களைச் சேர்த்தார். விருந்தாளிகளைக் கேட்டார். பசுந்தாங் பேட்டையில் எங்கள் நாலாவது மாடி வீட்டில், சாமிப் படங்களுக்கு எதிர்ச்சுவரில், பிரான்ஸ் தொங்கியது.

நான் மண் பரிசோதனைப் பொறியாளர். கட்டடம் எழும்புமுன் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்ப்பது வேலை. அதனால் ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பேச்சு என்னோடுதான்.

"ஷாம்பேன் ஊரு மண்ணு சுண்ணாம்புப் பாறை, பூர்ணா. பெய்யிற மழையைப் பூரா உள்ள வச்சுக்கும். அப்புறம் கோடையில கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும். உங்கம்மா கோவம் மாதிரி."

அம்மா மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, "சோத்தைப் பாத்துச் சாப்பிடுங்க" என்பாள்.

போர்தோ ஆற்றங்கரை ஊர். அங்கே சரளைக்கல் மேடுகள். தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், வேர் அதைத் தேடி ஆழம் போகும். "நம்ம ஊருக்கு எதிர்த்தாப்ல டாலாவும் ஆத்தங்கரைதான். ஆனா களி. அங்க வச்சா வேரு அழுகிப் போயிடும்." தெற்கே ரோன் பள்ளத்தாக்கில் தேங்காய் அளவு உருண்டைக் கற்கள், பகல் சூட்டை வாங்கி வைத்திருந்து இரவில் கொடிக்குக் கொடுக்கும். வடக்கே சப்லி. ஒரு காலத்தில் கடல் இருந்த இடம். மண்ணைக் கிளறினால் கல்லாகிப்போன சிப்பிகள். ஏப்ரலில் துளிர்விடும் நேரம் உறைபனி விழும். தோட்டக்காரர்கள் வரிசைக்கு நடுவே சின்னச் சின்னத் தீ மூட்டிக் காவல் இருப்பார்கள். தீ மிதிக்கிற அப்பாவுக்கு இந்த ஊர்மேல் தனிப் பிரியம்.

"அந்தச் சிப்பி ருசிதான் ஒயினுக்கு வருதாம்" என்றார் ஒரு நாள்.

"வராதுப்பா. வேரு கல்லைச் சாப்பிடாது. தண்ணி எவ்வளவு நிக்குது, சூடு எவ்வளவு தங்குது, குளிர் எப்ப வருது. அதுதான் வித்தியாசம்."

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பல மாதம் கழித்து, அவரோடு வேலை செய்த கோ தூரா சொன்னார். அப்பா ஒரு பிரெஞ்சு விருந்தாளியைத் திருத்தினாராம்: "கல் ருசி வராது ஐயா. என் மகள் பொறியாளர்."

அத்தனை ஊர் மண்ணும் தெரிந்தவர் சொந்தத் தொட்டியில் தோற்றார். வடக்கே மெய்க்டீலா ஊரிலிருந்து ஒரு திராட்சைக் கன்று வந்தது. ஷாம்பேன் மண் வேண்டும் என்று வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கி வந்து, இரண்டு டப்பாவைத் தொட்டி மண்ணில் பிசைந்தார். மூன்றாம் நாள் இலையெல்லாம் கருகியது. நான் அளந்து பார்த்தேன். pH பன்னிரண்டு, கொடுங்காரம்.

"அது பாறைப்பா. இது சுட்டு நீத்துன சுண்ணாம்பு. வேரு வெந்துபோச்சு."

"வெத்தலைக்கு ஆகுது, திராட்சைக்கு ஆகாதா?" என்று அம்மா கேட்டாள். அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

இரண்டாவது கன்று பிழைத்தது. ஆனால் யாங்கோனில் ஜூலை ஒரே மாதத்தில் பெய்வது ஷாம்பேனில் ஏறக்குறைய ஒரு வருஷ மழை. இலையில் பூஞ்சை வரும். ஒரு குலைகூட நின்றதில்லை.

ஓய்வு பெற்ற நாளில் ஹோட்டலில் அவருக்கு ஒரு புட்டி சப்லி கொடுத்தார்கள். அதைத் திறக்கவில்லை. மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் குளிர்பெட்டியை நம்பவும் இல்லை. குளியலறையில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், ஈரச் சாக்கு சுற்றி வைத்தார். தினம் காலையில் சாக்கை நனைப்பார். வெளியே முப்பத்துமூன்று டிகிரி என்றால் சாக்குக்குள் இருபத்தாறு. என் வெப்பமானியைக் கடன் வாங்கிப் பார்த்துக்கொள்வார்.

பிப்ரவரியில், மாடிப்படியில், கையில் காய்கறிப் பையோடு போய்விட்டார். மாரடைப்பு. அறுபத்து நாலு வயது.

பதினாறாம் நாள் படையலில் அந்த ஒயினை வைக்கலாம் என்றேன்.

"கூடாது" என்றாள் அம்மா.

அப்பாவின் அக்கா ஜெயம்மா அத்தை முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். "வச்சா என்ன தனம்? எங்க அப்பாவுக்குச் சாராயமும் சுருட்டும் வச்சுத்தானே கும்பிட்டோம்."

அம்மா விடவில்லை. "மாமா குடிச்சாரு, வச்சீங்க. இவரு குடிச்சாரா? இந்தத் தெருவுல இத்தனை வருஷமா ஒயின் சொக்கன், ஒயின் சொக்கன்னு சிரிச்சாங்க. நான் பதில் சொல்லல. இப்ப படத்துக்கு முன்னாடி கிளாஸை வச்சா, பாத்தியா குடிச்சிருக்கான்னு சொல்லுவாங்க. செத்த பிறகு பேரைக் கெடுக்கணுமா?"

"ஊருக்காகப் படைக்கிறோமா, அவனுக்காகவா?"

"அவருக்காகத்தான் அண்ணி வேணாங்கிறேன்."

அம்மா சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் இருபத்தாறு வருஷத்தை வெளியே நிறுத்திவிட்டு வெறும் வடையும் பாயசமும் வைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காலையில் குளிக்கப் போனபோதுதான் புட்டி நினைவு வந்தது. பதினைந்து நாளாக நான் அதைத் தொடவில்லை. சாக்கு காய்ந்து விறைத்திருக்கும் என்று டிரம்முக்குப் பின்னால் கையை விட்டேன். சாக்கு சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

அடுப்படிக்குப் போனேன். அம்மா திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "அந்தத் தூரா தம்பி வருதா? மூடியைத் திறக்க ஆள் வேணும்ல."

கோ தூரா வந்து திறந்தார். அப்பா ஊற்றுகிற மாதிரியே இரண்டு விரல் அளவு ஊற்றினார். இலைக்கு வலப்பக்கம், தண்ணீர்ச் சொம்புக்கு அருகே, கிளாஸை அம்மாவே வைத்தாள். வழக்கப்படி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் படிக்கட்டில் நின்றோம். அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் இருந்தார்கள். யாரோ யாரிடமோ கிசுகிசுத்தார்கள். அம்மா கேட்காதது போல் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தோம். எல்லார் கண்ணும் கிளாஸுக்குப் போனது. என் கண்ணும்தான். அளவு அப்படியே இருந்தது.

அம்மா கிளாஸை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "எல்லாரும் பாத்துக்குங்க. ஒரு சொட்டு குறையல. உசிரோட இருந்தப்பவும் அவரு மோந்துதான் பாத்தாரு. இப்பவும் அதேதான்."

ஜெயம்மா அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிசுகிசுத்தவர்கள் இலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

அம்மா கிளாஸைக் கீழே வைக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடி ஒரு தரம் இழுத்தாள்.

"இது தீ மூட்டுற ஊருதானே? சிப்பி கெடக்குமே."

அம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. பிரெஞ்சும் தெரியாது. "எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"தினம் சோத்தோட சேத்துப் பிசைஞ்சு போட்டாரே. காது எனக்கும் இருக்குல்ல."

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அம்மா அந்தச் சாக்கைப் பிழிந்தாள். பால்கனிக்குக் கொண்டுபோய், திராட்சைத் தொட்டிக்கு மேலே இருந்த கொடிக்கயிற்றில் காயப்போட்டாள்.