மாமாவும் கரி பஸ்ஸும்

என் மாமா பம்பாயில் பொம்பளைகளைத் தலைக்கு மேலே தூக்கி ஆடினவர். இன்றைக்குச் சொன்னால் பெருமை. யுத்த காலத்துத் திருத்தணியில் இதைச் சொன்னால் பெண் கொடுக்கமாட்டார்கள், வேலை கொடுக்கமாட்டார்கள், குடிக்கத் தண்ணீர்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

அம்மாவின் தம்பி அவர். மீசை முளைக்குமுன் வீட்டைவிட்டு ஓடிப்போய், பம்பாயில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நடத்திய பாலே கம்பெனியில் சேர்ந்தார். பாலேயில் பேச்சு கிடையாது. கதை முழுக்க ஆட்டம்தான். ஓடிவந்து தாவுகிற பெண்ணை அந்தரத்தில் பிடித்து, மேலே தூக்கி, ஓசைப்படாமல் இறக்கிவைப்பது மாமாவின் வேலை. யுத்தம் வந்ததும் அந்த அம்மாள் கம்பெனியைக் கலைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டாள். ஒரு தகரப் பெட்டியோடும், மழை வந்தால் வீங்குகிற இடது முட்டியோடும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

காலையில் மாட்டுக்கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலை அந்தரத்தில் நீட்டுவார். எங்கள் எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், "வாயுப் பிடிப்புக்கு வைத்தியர் சொன்னது" என்று அம்மா கூசாமல் புளுகுவாள்.

அரிசி மில்லில் கணக்கெழுதப் போனார். கணக்கு அவருக்கு வரவில்லை. புகையிலை மண்டிக்குப் போனார். தும்மியே திரும்பி வந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலை காலி என்றார்கள். ஆடினவர் என்று தெரிந்ததும் அந்த வேலை உடனே நிரம்பிவிட்டது. என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா சோறு தின்னும்போது மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் அதற்கு, மூட்டையைக் கட்டு என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்குக் கண்டக்டர் தேவைப்பட்டது. அம்மா போய் பஸ் முதலாளி வாசலில் நின்றாள்.

"இன்னாம்மா நீ! பொம்பளைங்கள தூக்கி ஆடினவன, பொம்பளைங்க ஏர்ற பஸ்ஸுல வுடச் சொல்றியே?" என்றார் அவர்.

அம்மா நகரவில்லை. கடைசியில், ஒருநாள் பார்க்கலாம், நானே கூட வருகிறேன் என்று இறங்கிவந்தார். மறுநாள் பஸ்ஸடியில் எல்லார் காதிலும் விழும்படி மாமாவிடம் சொன்னார்: "எவ மேலயாச்சும் உன் கை பட்டுச்சோ, அங்கியே எறக்கி வுட்டுருவேன், ஆமா." மாமா தலையாட்டினார். நடப்பதைப் பார்த்து வந்து சொல்ல அம்மா என்னையும் ஏற்றிவிட்டாள். எட்டு வயது வேவுகாரி நான்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பு கட்டி, கரி போட்டு எரித்து, அதில் வரும் வாயுவில்தான் ஓட்டுவார்கள். ஊர் தாண்டினதும் குண்டும் குழியுமான ரோடு. பேட்டைக்குத் திரும்பும் நெசவுக்காரர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். மாமா மட்டும் ஒரு கம்பியையும் பிடிக்காமல் நடுவில் நின்று டிக்கெட் கிழித்தார். பஸ் ஒரு பக்கம் சாய்ந்தால் அவர் மறுபக்கம் லேசாகச் சாய்வார், அவ்வளவுதான். பெண்கள் பக்கம் போகும்போது சில்லறையைக் கையில் கொடுக்காமல் சீட்டின்மேல் வைத்தார். எனக்குக்கூட அப்படித்தான் வைத்தார். முதலாளி முறைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பேட்டைக்கு முன்னால் ஒரு ஏற்றம். கரி பஸ்ஸுக்கு மூச்சு வாங்கும் இடம். அங்கே முதலாளியையும் குழந்தைகளையும் தவிர எல்லாரும் இறங்கிவிட வேண்டும்; ஆண்கள் தள்ளுவார்கள், பெண்கள் நடப்பார்கள். வண்டி ஒருமுறை கிளம்பிவிட்டால் டிரைவர் நிறுத்தமாட்டார், நிறுத்தினால் அணைந்துவிடும். ஓடிவந்து தொற்றிக்கொள்வது அவரவர் சாமர்த்தியம்.

தங்கை வீட்டுக்குப் போக முதலாளியின் சம்சாரமும் அன்று வந்திருந்தார். நல்ல வாட்டசாட்டமான அம்மாள். வண்டி கிளம்பியதும் எல்லாரும் ஓடி ஏறிவிட்டார்கள். அவர் மட்டும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். படியில் ஒரு கால் வைத்தார். கால் வழுக்கியது. பின்சக்கரம் பக்கத்திலேயே உருண்டுகொண்டிருந்தது.

"ஐயோ" என்று முதலாளி கத்தினார்.

மாமா கீழே குதித்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவர் அந்த அம்மாளின் இடுப்பை இரு கையாலும் பிடித்து, ஓடிக்கொண்டே, தலைக்கு மேலே தூக்கியிருந்தார். அப்படியே ஒரு சுழற்று. அந்த அம்மாள் பஸ்ஸுக்குள் நின்றார், கொண்டைகூடக் கலையவில்லை. மாமா ஒற்றைக் காலில் படியில் ஏறினார்.

கை பட்டுவிட்டது. அதுவும் யார் மேல்! மாமாவோடு இறங்கிவிட நான் சீட்டின் விளிம்புக்கு நகர்ந்தேன். முதலாளி எழுந்தார்.

அதற்குள் அவர் சம்சாரம் முந்திக்கொண்டார்: "இன்னாங்க பார்த்துகினு நிக்கறீங்க? இந்தப் புள்ளைய இன்னிக்கே வேலைக்கு வெச்சிக்கோங்க. கல்யாணம் கட்டின நாள்லேர்ந்து நீங்க என்னை ஒரு வாட்டி தூக்கி வுட்டிருக்கீங்களா?"

பஸ் குலுங்கியது, ரோட்டினால் இல்லை, சிரிப்பினால். முதலாளி வேறு வழியில்லாமல், "ஆங், ஆங், நாளைக்கு வெள்ளனே வந்துடு" என்று உட்கார்ந்தார். நெசவுக்காரர்கள் கைதட்டினார்கள், முதலாளியின் சம்சாரம் எல்லாரையும்விடப் பலமாக.

மாமா அவர்கள் பக்கம் திரும்பினார். ஒரு காலைப் பின்னால் இழுத்து, வலது கையை மார்பில் வைத்து, மெதுவாகத் தலைகுனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. சில்லறை விழுந்துவிட்டது என்று நினைத்து நான் சீட்டுக்கடியில் புகுந்து தேடினேன்.

வீட்டில் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "வேலை கெடச்சிடுச்சிம்மா. ஆனா மாமா காசைக் கீழ போட்டுட்டு ரொம்ப நேரம் தேடினாரு." அன்று இரவு நைனா மாமாவிடம், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள் என்றார்.

மாமா வருஷக்கணக்கில் அந்த பஸ்ஸில் நின்றார், பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டராகவும் ஆனார். நான் பெரியவளாகிச் சென்னையில் ஒரு பாலே பார்க்கப் போனேன். ஆட்டம் முடிந்து சபை கைதட்டியது. ஆடினவர் முன்னால் வந்து, ஒரு காலைப் பின்னால் இழுத்து, கையை மார்பில் வைத்துக் குனிந்தார். மாமா காசைக் கீழே போடவே இல்லை. அன்றைக்கு அந்தக் கரி பஸ்ஸில் மாமாவுக்குக் கைதட்டாத ஆள் நான் ஒருத்திதான். சீட்டுக்கடியில் காசு தேடிக்கொண்டிருந்தேன்.