அண்ணா சுடாத பன்றி

முல்லைத்தீவுப் பக்கத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்து, பிரான்சுக்கு வந்து சார்செல் அடுக்குமாடியில் குடும்பம் நடத்தி, லா சப்பல் உணவகம் ஒன்றின் குசினியில் உழைத்து, சென்ற மாதம் எங்களைப் பிரிந்த அண்ணாவைப் பற்றி அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். நினைவு மலரில் கோபத்தை எழுதக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் அழுது முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது கோபம்தான்.

அண்ணா 2009இன் பின் இங்கு வந்தவர். விசா கிடைக்கும்வரை கோப்பை கழுவினார், கிடைத்த பின் சமையற்காரர் ஆனார். உணவகத்துக்கு இறைச்சி கொண்டுவரும் பிரெஞ்சுக்காரர் ஒருநாள் அவரைப் பன்றி வேட்டைக்கு அழைத்துப் போனார். அதன்பின் அண்ணா பரீட்சை எழுதி வேட்டை அனுமதியும் எடுத்தார். சொந்தங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. "துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்தவன், இஞ்சை துவக்கு வாங்கிறானாம்" என்றார்கள். "அங்கை நான் ஓடினன். இஞ்சை பண்டி ஓடட்டும்" என்றார் அண்ணா.

துவக்கு வாங்க அவர் அவசரப்படவில்லை. நான் கேட்காமலே எனக்கு விளக்கம் சொல்லுவார். "தூரத்திலை நிக்கிற மானுக்கு ஒரு குழல் போதும். தொலைநோக்கி பூட்டி, மெல்லிய வேகமான ரவை போடவேணும். பத்தைக்குள்ளாலை பாய்ஞ்சு ஓடுற பண்டிக்குத்தான் ரெட்டைக்குழல். முதல் வெடி பிழைச்சா ரெண்டாவது கையிலை இருக்கும்." கடைசியில் ரெட்டைக்குழலையே வாங்கி, அதற்கு ஒன்பது மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்புள்ள ரவையைத் தேர்ந்தெடுத்தார். தொழிற்சாலையில் இரண்டு குழலையும் ஒரே வகை ரவைக்கு ஒத்துவரச் செய்திருப்பார்களாம். வேறு நிறையில் போட்டால் இரண்டும் இரண்டு பக்கம் போகுமாம். அதனால் கடைசிவரை ரவையை மாற்றவில்லை.

இப்போது அத்தான். பெரியம்மா மகளைக் கட்டியவர், லா சப்பலில் கடை வைத்திருப்பவர், மார்க்ஸ் டோர்மோயில் நானும் என் குடும்பமும் அப்போது வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். அண்ணாவைப் பார்த்து அவரும் வேட்டைக்கு வெளிக்கிட்டார். சின்னத் துவக்கு அவருடைய பெருமைக்குக் காணாது. ஆபிரிக்காவில் எருமைக்கென்று செய்த ரெட்டைக்குழலை வாங்கினார்.

"அத்தான், இது பண்டிக்குச் சரிவராது. உதைக்கிற உதையிலை நீங்கள் கண்ணை மூடிப்போடுவியள்" என்றார் அண்ணா.

"நீ குசினியிலை கத்தியைப் பார். எனக்குத் துவக்குப் படிப்பிக்காதை."

அவர் கண்ணை மூடித்தான் சுட்டார். ரவை பன்றியின் பின்தொடையில் ஏறியது. காயப்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்து, பன்றிகளை வெளியே விரட்டக் காட்டைக் கலைத்துக்கொண்டு வந்த ஒரு முதியவரின் காலைக் கிழித்தது. அண்ணா அன்று சுடவேயில்லை. பன்றிக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவருடைய இரண்டு ரவையும் குழலுக்குள்ளேயே கிடந்தன.

யார் சுட்டது என்று வேட்டைக் குழுத் தலைவர் கேட்டபோது அத்தான் அண்ணாவைக் காட்டினார். சுட்டபின் வேறு ரவை மாற்றியிருப்பான் என்று நல்ல பிரெஞ்சில் விளக்கமும் சொன்னார். அண்ணாவிடம் இருந்தது குசினிப் பிரெஞ்சு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பே விடாதவரை நொந்தார்கள்.

சமையற்காரன் என்பதால், கொஞ்சத் தூரம் ஓடி விழுந்து செத்த அந்தப் பன்றியை வெட்டும் வேலையை அண்ணாவிடம் விட்டார்கள். பின்தொடையால் ஏறிய ரவை உடம்பைக் கடந்து தோள் எலும்பில் தங்கியிருந்தது. முன்பக்கம் விரிந்து நசிந்திருந்தாலும் அடிப்பக்கம் அப்படியே இருந்தது. அண்ணாவின் குழலுக்குள் நுழையவே முடியாத தடிப்பு. திரும்பி வரும்போது காருக்குள் அதை எடுத்துக் காட்டினார்.

"அத்தான், இது உங்கடை ரவை."

"ஓம், எனக்கும் தெரியும். உன்ரை தங்கச்சி ஆற்றை வீட்டிலை இருக்கிறாள் எண்டு உனக்கும் தெரியும்தானே?"

அண்ணா ரவையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குழு அவரை நீக்கியது. துவக்கை விற்றார். கல்யாண மண்டபங்களில் அத்தான் பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி சொல்லுவார்: "ரெண்டு குழல் இருந்தும் ஒரு பண்டியை ஒழுங்காச் சுடத் தெரியேல்லை." எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றும் தெரியாத நானும் சிரித்திருக்கிறேன்.

நாங்கள் ஸ்தேனில் சொந்த வீடு எடுத்துப் போன பிறகும் அண்ணா இதை வெளியே சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில்தான் எல்லாம் சொன்னார். அந்த ரவையை என் கையில் வைத்து, "எறிஞ்சுபோடு, தங்கச்சி. அவையின்ரை கூரைக்குக் கீழை இருந்தனாங்கள்" என்றார். அண்ணா சொல்லை நான் தட்டியதில்லை. இதை மட்டும் தட்டினேன்.

அவரை இரவு பகலாகப் பார்த்த அண்ணிக்கும், பாடை தூக்கிய குசினித் தோழர்களுக்கும், வைத்தியர்களுக்கும், தாதியருக்கும் எங்கள் நன்றி. காலை இழுத்து இழுத்துத் தகனத்துக்கு வந்த அந்தப் பிரெஞ்சு முதியவருக்கு நன்றி. அண்ணாதான் சுட்டார் என்று நம்பிக்கொண்டே மன்னித்து வந்த மனிதர் அவர். இந்தக் கட்டுரையை என் மகள் அவருக்கும் குழுத் தலைவருக்கும் பிரெஞ்சில் வாசித்துக் காட்டுவாள்.

முப்பத்தோராம் நாளுக்கு வந்த எல்லோருக்கும் வழக்கப்படி இம்மலரோடு ஒரு சில்வர் செம்பும் தருகிறோம். ஒருவருடைய பையில் மட்டும் செம்பு இல்லை. அவருடைய பொருளையே அவருக்கு வைத்திருக்கிறேன். சின்னதுதான், ஆனால் கனம். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அத்தான்.