வக்கார் அகமது தன் லாரிக்குக் கிரேடு போட்ட கதை

வக்கார் அகமதுவுக்கு மூக்கு இருந்தது. அதன் வழியே மூச்சு விட்டான், அதன்மேல் கண்ணாடி மாட்டினான். வேறு பிரயோஜனம் இல்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் நின்றவனுக்கு வாசனை என்கிற சமாச்சாரம் எப்போதோ கழன்று போயிருந்தது. வீட்டில் காஸ் கசிந்தால் பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து சொல்ல வேண்டும்.

அவன் இறந்து போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத வந்தவர்கள் பிரியாணி ஆறுவதற்குள் அவனுடைய நேர்மை, பொறுமை, தொழுகை என்று வரிசையாகப் புகழ்ந்து முடித்துவிட்டார்கள். கல்லூரியில் மூன்று வருடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதியவன் நான். நேர்மையைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே மரியாதை. லாரியைப் பற்றிப் பேசுகிறேன்.

வக்கார் வேலையில் செலக்டர். பதப்படுத்திய தோலை மேஜைமேல் விரித்து, உண்ணி கடித்த இடம், கத்தி பட்ட இடம், ஓட்டை எல்லாம் பார்த்து, ஓரத்தில் சாக்பீஸால் ஏ, பி, சி என்று கிரேடு போடுகிறவன். எதற்கும் ஆகாததற்கு ஆர். ரிஜெக்ட். சாயத்தைக் கெட்டியாகப் பூசி ஓட்டையை மறைத்துக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. வக்கார் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை ஓட்டியே அதைக் கண்டுபிடித்துவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ரிட்டையர் ஆன அன்று மாலையும் கழுத்துமாக நின்றபோதுகூட, மாலை கட்டிய நாரைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தவன்.

லாரி வாங்கியதற்குக் காரணம் அக்தரி பேகம். அவன் மனைவி. அண்ணி முறை வைத்து நான் பாபி என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் சுற்ற ஆசை உண்டு, ஆனால் வெளியூர்க் குளியலறைக்குள் கால் வைக்க மாட்டார். ஹைதராபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், இரண்டு நாள் தண்ணீரே குடிக்காமல் இருந்து, மூன்றாம் நாள் வேலூரில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். அதற்குப் பிறகு வக்கார் எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான். சொந்த பாத்ரூமைக் கூடவே எடுத்துக்கொண்டு போவதானால் வருகிறேன்.

வேறு யாராக இருந்தாலும் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். வக்கார் அதை ஆர்டர் என்று எடுத்துக்கொண்டான். பழைய லாரி ஒன்றை வாங்கி, அதன்மேல் படுக்கை, அடுப்படி, பாத்ரூம் எல்லாம் வைத்துக் கட்டி, முதலில் ஹம்பி, பிறகு கடவுள் விட்ட வழி என்று முடிவு செய்தான்.

ராணிப்பேட்டைப் பக்கம் பழைய வண்டிகள் நிறுத்தியிருக்கும் இடத்துக்கு, ஆலோசனைக்காகத் தொழிற்சாலை தோஸ்துகள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போனான். அங்கேதான் தப்பு நடந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூக்குகூட வேலை செய்யவில்லை. பதினான்கு அடி லாரி ஒன்று. இன்ஜின் நன்றாக இருந்தது, டயர் புதிது. அடியில் குனிந்து பார்த்தால் சேஸிஸ் முழுக்கப் பளபளவென்று கறுப்புப் பெயின்ட். "அடியில கூட பெயின்ட் அடிச்சி வெச்சிக்கிறான், சுத்தமான மனுஷன்" என்று போனில் என்னிடம் மெச்சிக்கொண்டான். தோல்மேல் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுகிறவன், இரும்புமேல் இருந்தால் மயங்கிவிட்டான்.

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்குப் பக்கத்து மனை காலியாகக் கிடந்ததால் வண்டியை அங்கே கொண்டு வந்து நிறுத்தினான். மறுநாள் காலை எதிர்வீட்டு தேவகி அம்மாள் மாநகராட்சிக்குப் போன் செய்து, தெருவில் நாய் செத்துக் கிடக்கிறது, ஆளை அனுப்புங்கள் என்றிருக்கிறார். இரண்டு பேர் வந்து புதரையெல்லாம் குத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் லாரிக்கு முன்னால் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் கர்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டு, இது பச்சைத்தோல் வண்டி என்று தீர்ப்புச் சொன்னார்.

பச்சைத்தோல் என்றால் பதப்படுத்தாதது. அழுகாமல் இருக்க உப்பை வாரிப் போட்டு, ஈரத்தோடு அடுக்கி, வெளியூரிலிருந்து ஏற்றி வருவார்கள். வழியெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டும். அந்த லாரி ஏழெட்டு வருடம் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது. தோலோடு பிறந்து தோலோடு வளர்ந்த வக்கார் அதைக் கண்டுபிடிக்க மாநகராட்சி வர வேண்டியிருந்தது.

ஹைவே ஓரத்தில் லாரிக்குக் கூடு கட்டுகிற பட்டறை வைத்திருந்த ஜெயசீலனைக் கூட்டி வந்தேன். அதிகம் பேசாத ஆள். அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கோயில் மணி மாதிரி கேட்டது. பின் அச்சைத் தாண்டியதும் தலையணையைத் தட்டுகிற சத்தம். இன்னொரு தட்டு தட்டியதும் கறுப்புப் பெயின்ட் விட்டுப்போய், துரு பேக்கரி பப்ஸ் மாதிரி ஏடு ஏடாக அவர் மார்மேல் கொட்டியது.

பலத்துக்காக அந்த இடத்தில் இரட்டைப் பலகையாக இரும்பு வைத்திருந்தார்கள். மேடு ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் பின்னால் ஓடி, இரண்டு பலகைக்கும் நடுவில் புகுந்து, துரு ஊதி, வெளிப்பலகையையே வயிறு தள்ள வைத்திருந்தது.

"பாய், இரும்பு பெயின்ட தாங்கல. பெயின்ட்தான் இரும்ப தாங்கினுகீது" என்றார் ஜெயசீலன்.

வக்கார் அவமானத்தை வெளியே காட்டவில்லை. தானே பார்க்கிறேன் என்று கோணிச் சாக்கை விரித்து அடியில் புகுந்தான். இரண்டு நாள் வெளியே வந்தது சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும்தான். கம்பி பிரஷ், கோணி ஊசி, ஒரு டப்பா சாக்பீஸ். பெயின்ட்டைச் சுரண்டி, கட்டை விரலால் தடவி, ஊசியால் குத்திப் பார்த்து, சேஸிஸை முன்பக்கத்திலிருந்து அடி அடியாகப் பிரித்துக் கிரேடு போட்டான். முன்பக்கம் எல்லாம் ஏ. நடுவில் பி. பின் அச்சுக்குமேல் சி. ஜெயசீலன் வேடிக்கையாகச் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே தட்டிச் சரிபார்த்து வந்தார். ஒரே ஓர் இடத்தில்தான் இருவருக்கும் கருத்து வேற்றுமை. அங்கே வக்கார்தான் கறாராக இருந்தான்.

கடைசி நான்கு அடிக்கு ஆர் போட்டான். போட்டதை நான் பார்த்தேன்.

அந்த நான்கு அடியில்தான் பாத்ரூமும் தண்ணீர்த் தொட்டியும் வருவதாக இருந்தது. வெட்டி எறிந்தால் மிச்சம் பத்து அடி. படுக்கையும் அடுப்படியும் வைக்கலாம், பாத்ரூமுக்கு இடம் இல்லை. பாத்ரூம் இல்லை என்றால் பாபி இல்லை. பாபி இல்லை என்றால் லாரி எதற்கு?

மறுநாள் நான் போனபோது ஆர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தேய்ப்பு, அதன்மேல் பெரிதாக சி. மேலே ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தால் தாங்கும் என்று ஜெயசீலனிடம் வாதாடிக்கொண்டிருந்தான். சரக்கு லாரிக்குச் செய்கிற வேலை அது, அதன்மேல் தண்ணீர்த் தொட்டியும் மனிதர்களும் ஏறினால் மலையில் முறுக்கும்போது தையல் பிரிந்துவிடும், தான் கை வைக்க மாட்டேன் என்றார் அவர். நீ வைக்காவிட்டால் பட்டறைக்கா பஞ்சம் என்றான் வக்கார். கோபம் வந்தால் அவன் காது சிவக்கும். அன்றைக்கு இரண்டும் சிவந்திருந்தன.

அன்று மதியம் பாபி சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்னால் வந்ததும் நின்று, குனிந்து பார்த்தார். அவனோடு முப்பது வருடம் குடித்தனம் செய்தவருக்கு அந்தச் சாக்பீஸ் பாஷை தெரியாமலா இருக்கும்?

"இங்க ஆர் போட்டிருந்தீங்களா?"

வக்கார் டிபன் கேரியரைத் திறப்பதில் மும்முரமாக இருந்தான்.

"அழிச்சீங்களா?"

"ஷிப்மென்ட் தேதி நெருங்குச்சினா கம்பெனியிலயும் அப்படித்தான் பண்ணுவோம், பேகம். ஆர் கொஞ்சம் நல்லா இருந்தா சி-ல ஏத்திடுவோம்."

அதை முப்பத்தொரு வருடத்தில் அவன் என்னிடமே சொன்னதில்லை. பாபி துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்தார்.

"இந்த ஷிப்மென்ட்டுல போறது யாரு?"

பாபி ஜெயசீலன் பக்கம் திரும்பி, வெட்டிவிடுங்கள் என்றார். மிச்சம் இருக்கிற பத்து அடியில் பாத்ரூமை முதலில் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவதில் மற்றது. சமையல் வெளியே நடக்கட்டும், பக்கவாட்டில் ஒரு பெட்டி வைத்து அதில் அடுப்பை வைத்தால் போதும். படுக்கை பாத்ரூம் கதவை முட்டுகிற மாதிரி வந்தாலும் பரவாயில்லை.

"அப்ப நான் ராத்திரி கால எங்க நீட்டறது?" என்றான் வக்கார்.

"மடக்கிக்குங்க."

வெட்டினார்கள். ஜெயசீலன் நான்கு அடியையும் கழற்றி, நல்ல இரும்பு தெரியும் வரை இன்னும் இரண்டு விரல் கூடுதலாக அறுத்து, முடிகிற இடத்தில் புதிய குறுக்குச் சட்டம் வைத்துப் போல்ட் போட்டார். மிச்சத்தை மணல் அடித்துத் துரு நீக்கி, பிரைமர் பூசினார். வண்டி வால் வெட்டிய நாய் மாதிரி ஆயிற்று. உள்ளே பாதி பாத்ரூம். வக்கார் படுக்கிற பலகையில் நான் ஒரு முறை படுத்துப் பார்த்தேன். முழங்கால் தாடையில் இடித்தது. தெருவில் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் அதை என்ன வண்டி என்று பதிவது என்று மூன்று மாதம் யோசித்தார்கள்.

ஜனவரியில் ஹம்பிக்குக் கிளம்பினார்கள். காட்பாடி வரைக்கும் வழியனுப்ப நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. வக்கார் அதைக் கவனிக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டது, பக்கப் பெட்டி திறந்துகொண்டது, பாத்திரங்கள் ரோட்டில் உருண்டன.

அவன் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கினான். பாத்திரத்தைப் பார்க்கவே இல்லை. நேராக வண்டிக்கு அடியில், ஜெயசீலன் புதுச் சட்டம் வைத்த இடத்துக்குப் புகுந்தான். பின்னால் டவுன் பஸ், அதன் பின்னால் ஷேர் ஆட்டோக்கள், எல்லாரும் ஹாரனில் கையை வைத்தார்கள். அவனுடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பாபி முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை.

அவன் வெளியே வந்தான். வெள்ளைச் சட்டை முழுக்க மண். கட்டை விரலை அதில் துடைத்துக்கொண்டே, "ஏ கிரேடுடா" என்றான். ஏறி உட்கார்ந்து போய்விட்டான்.

நான் அவர்களுடைய தோசைக்கல்லையும் இரண்டு டம்ளர்களையும் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பஸ் டிரைவர் அதுவரை அவனுக்காகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் என்னைப் பார்த்துத் திட்டித் தீர்த்தார்.