பெஞ்சுக்கு ஒரு நெட்டச்சி

கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வாய்ப்பந்தல் போடுவதில் மன்னன். "உங்க பொண்ணு முதல் வருஷமே ஆடுவாம்மா" என்று தையல்காரம்மாவிடம் சொல்லித்தான் நெட்டச்சியைச் சேர்த்தார். உண்மையில் அவருக்கு அவள் தேவையே இல்லை. எதிரிக் கல்லூரிக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்று வருடமும் ஒரு ஆட்டத்திலும் இறங்காமல் பெஞ்சைத் தேய்த்தாள். ஆனால் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நிற்பாள்.

கடைசி ஆட்டமும் முடிந்தது. வியர்வை படாத சீருடையை மடித்துக் கொடுத்தவள் கேட்டாள்: "சார், என்ன தப்பு பண்றேன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

உண்மை தொண்டை வரை வந்தது. "இன்னும் கொஞ்சம் பயிற்சி வேணும்மா" என்றுதான் வாய் சொன்னது.

மறுநாள் விடிந்ததுமே மைதானத்தில் பந்து தட்டும் சத்தம். வண்டியை வாசலோடு திருப்பிக்கொண்டு போனார், பாவி மனுஷன்.