ரயிலடித் தெருவில் பாவு

காஞ்சிபுரம் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு இழுத்து விரித்திருக்கிறது. சேலைக்கான நெடுக்கு இழைகள், கஞ்சி தோய்ந்து காலை வெயிலில் மினுங்குகின்றன. மிதித்துவிடாமல் ஓரமாக நடக்கிறேன்.

"சார், இந்தக் கோலக் கொஞ்சம் புடிங்க. எங்க வூட்டுக்காரரு தங்கச்சிய இட்டுக்கினு வர டேசனுக்குப் போயிருக்காரு" என்கிறாள், பாவின் முனையைக் கோலில் இழுத்துப் பிடித்து நிற்கும் ஒருத்தி.

பிடிக்கிறேன். கையை விட்டால் இத்தனை இழையும் சிக்கிவிடும். நான் வசமாக மாட்டிக்கொண்ட பிறகுதான் அவள் மெதுவாகக் கேட்கிறாள்.

"நேத்து டேப்பு வச்சி தெருவ அளந்தவருதானே நீங்க? ரோட்ட அகலமாக்க எங்கள ஊருக்கு வெளிய அனுப்பப் போறீங்களாமே?"

"அங்க பெரிய மனையா குடுப்பாங்கம்மா. வீட்டுக்கு வீடு தள்ளி, காத்தோட்டமா இருக்கும்."

"தள்ளியா?" சிரிக்கிறாள். "அப்ப தெனமும் கோலு புடிக்க நீங்கதான் வரணும்."

ரயில் ஊதிக்கொண்டு வருகிறது. நான் ஏற வேண்டிய வண்டி. வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வேப்பங்குச்சியை மென்றபடியே வந்து கோலை வாங்கிக்கொள்கிறார்.

ஓடுகிறேன். நிலைய வாசலை எட்டும்போது வண்டி இன்னும் நிற்கிறது. தகரப் பெட்டியும் தங்கையுமாக ஒருவர் எதிரே வருகிறார். என் கையில் ஒட்டியிருக்கும் கஞ்சியைப் பார்த்துப் பதறுகிறார்.

"கோலு யாரு கையில சார்?"

"பக்கத்து வூட்டுக்காரரு புடிச்சிக்கினு இருக்காரு" என்கிறேன், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவனைப் போல.