இரண்டு முறை வந்த ஒரு மணி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மொத்தம் பதினோரு பேர். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். அங்கே நர்சுகள் பதியும் குறிப்புகளை நேர வரிசையில் அடுக்கி அறிக்கையாக்கும் பகுதி என்னுடையது. யாராவது இறந்துபோனால், அவருடைய கடைசி நாள் அறிக்கை தானாகவே குடும்பத்துக்குப் போய்விடும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு முடிந்த மறுநாள் காலை, விவேக் நகரிலிருந்து பஸ் பிடித்து வந்து, முந்தின நாள் போன அறிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று தொண்ணூற்றொரு வயதுப் பெண்மணியுடையது. கடைசி மூன்று வரிகள் இப்படி இருந்தன:

1:10 – மூச்சு நின்றது.
1:20 – ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.
1:45 – கதவருகே யாரோ நிற்பதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வெளியே நல்ல வெயில். கீழே கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். என்னையறியாமல் எங்கள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

டீம் லீடரைக் கூப்பிட்டேன். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பாதிப் பேச்சு கன்னடமாக வரும். நர்ஸ் தப்பாக அடித்திருப்பாள் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஸ்வல்ப இரு மா, கொஞ்சம் பொறு. டைமை விடு, ஒவ்வொரு குறிப்பும் வந்த வரிசை நம்பரைப் பாரு."

பார்த்தேன். மூச்சு நின்ற வரிதான் கடைசியாக வந்திருந்தது. அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. அங்கே கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்த கடிகாரத்தை, அந்த ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குத் திரும்பவும் ஒரு மணியாக்கிவிடுகிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வரையான நேரம் அன்று இரண்டு முறை வரும். அவர் பேசியது முதல் முறை. இறந்தது இரண்டாம் முறை. நம் ஊரில் கடிகாரத்தை யாரும் நகர்த்துவதில்லை. அதனால் சுவர்க் கடிகாரம் காட்டிய எண்ணை மட்டும் சேமித்தால் போதும் என்று நான் நினைத்துவிட்டேன்.

"அப்ப இவங்க செத்த பிறகு பேசல சார். பேசின பிறகுதான் செத்தாங்க."

"சரி மா. ரிப்போர்ட் நேத்தே போயிடுச்சே. அந்தக் குடும்பத்துக்கு யார் சொல்றது?"

இரண்டு நாளில் திருத்தினோம். எல்லா நேரத்தையும், யாரும் முன்பின் நகர்த்தாத கிரீன்விச் நேரமாகச் சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றினோம். பழைய ஆண்டுகளின் அதே ஞாயிறுகளையும் தேடிப் பார்த்தேன். இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் இறந்து கால் மணி கழித்துத் தண்ணீர் கேட்டிருந்தார். அந்தக் குடும்பங்கள் எங்களை ஒன்றும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதன் மாலை ஆறரைக்கு போன் வந்தது. அந்தத் தொண்ணூற்றொரு வயதுப் பெண்மணியின் மகள். புரோகிராம் எழுதியவரிடமே பேச வேண்டும் என்று இல்லத்தில் கேட்டு எங்கள் எண்ணை வாங்கினாராம். ஆங்கிலத்தில், மெதுவாகப் பேசினார். அம்மாவை உயிரோடு மூடிவைத்துவிட்டார்களோ என்று மூன்று நாளாகத் தூங்கவில்லை என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

"அப்படியானால் கதவைப் பற்றிச் சொன்னதுதான் அம்மாவின் கடைசிப் பேச்சா?"

"ஆமாம்."

"நர்சிடம் கேட்டேன். திரும்பிப் பார்த்தாளாம், யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் எழுதினாளாம்." பிறகு கேட்டார்: "அதற்கும் மூச்சு நின்றதற்கும் நடுவே எவ்வளவு நேரம்?"

இருபத்தைந்து நிமிடம் என்றேன். அந்த இடைவெளியில் ஏதாவது பதிவு உண்டா என்று கேட்டார். மறுபடியும் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. அதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. சரியான வரிசையில் ஒரு பிரதி வேண்டும், எது முதல் முறை வந்த ஒரு மணி, எது இரண்டாம் முறை வந்தது என்று அதில் எழுதியிருக்க வேண்டும் என்றார். அன்றே அனுப்பினேன். கிடைத்தது, நன்றி என்று மறுநாள் பதில் வந்தது. அதற்குப் பிறகு எல்லா அறிக்கையிலும் அப்படிக் குறிப்பதையே நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம்.