கணவருக்கு நான் நின்ற ஜாமீன்

எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். ஒரு நாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, என் கணவரின் பட்டறையில் வேலை பார்க்கும் ஃபிட்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, சார் உங்கள கையோட இட்டுக்கினு வரச் சொன்னாரு. இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல குந்திக்கினு கீறாரு."

வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். மறுநாள் அவருக்கு பம்பாய் ரயில், அங்கிருந்து குவைத்துக்கு விமானம்.

ஈக்காட்டுத்தாங்கலில் அவருக்குச் சின்னப் பட்டறை. கட்டடங்களுக்கு ஏ.சி. குழாய் பொருத்துகிற வேலை. குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலை, ஒரு வருஷ கான்ட்ராக்ட், அவருடைய சொந்தக் கம்பெனி பேரிலேயே கிடைத்திருந்தது. கைக்குழந்தையோடு என்னை விட்டுவிட்டு அவர் போவதில் எனக்குத் துளிகூட இஷ்டமில்லை. வீட்டில் தினமும் சண்டை. "எப்படியாவது இந்தப் பயணம் நிக்கணும் மாதாவே" என்று மயிலாப்பூர் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி வேறு ஏற்றி வைத்திருந்தேன்!

அந்தக் காலத்தில் வெளிநாடு போகிறவர்கள் வரி கிளியரன்ஸ் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். அதற்கு முதலாளி ஜாமீன் தர வேண்டும். இவரோ, முதலாளியும் நானே, ஆளும் நானே என்று போய் நின்றிருக்கிறார்.

அதிகாரி என்னிடம் நிதானமாகச் சொன்னார். "சொந்தக் கம்பெனியே ஆனாலும் கம்பெனி வேற, இவர் வேறம்மா. கம்பெனி வரி கட்டிட்டா இவர் கட்டினதா ஆகாது. சம்பளத்துக்கான வரியை இப்பத்தான் ஓடிப்போய்க் கட்டிட்டு வந்தார். ஆனா தனக்குத்தானே ஜாமீன் நிக்க முடியாதே. இன்னொரு டைரக்டர் நீங்கதானே?"

நானேதான். கம்பெனி தொடங்க இரண்டு பேர் வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னதால், அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் இவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு டைரக்டரானவள்!

"யோசிச்சுப் போடுங்க. இவர் திரும்பி வராம, பின்னால ஏதாவது வரி பாக்கின்னு வந்தா உங்களைத்தான் கேட்போம்."

என் வேண்டுதலை மாதா கேட்டேவிட்டாள். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பயணம் நின்றுவிடும். என் கணவரைப் பார்த்தேன். கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாசக்கணக்கில் பட்டறையில் வேலையே இல்லாமல், ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்த மனுஷன். கதவோரம் அந்த ஃபிட்டரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வீட்டு அடுப்பும் இந்தப் பட்டறையை நம்பித்தானே எரிகிறது?

"அவரே வரலைன்னா, வரியைப் பத்தியா சார் நான் கவலைப்படப் போறேன்?" என்று கேட்டுவிட்டேன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

சான்றிதழோடு வெளியே வந்ததும்தான் இருவருக்கும் மூச்சே வந்தது. கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

"மாட்டேன்னுடுவியோன்னு பயந்துட்டேன்" என்றார்.

"அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றேன்.

அடுத்த வருஷம் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவர், குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் என்னிடம் சொன்னது இதுதான்: "டைரக்டரம்மா, ஆள் ஆஜர்!" அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நான் ஓவென்று அழுதேன்.

கேட்ட வரத்தைக் கையில் கொடுத்து, அது வேண்டாம் என்று சொல்லும் மனசையும் கூடவே கொடுத்த மாதாவுக்கு, இன்றைக்கும் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வருகிறேன்.